கூல் லிப் பழக்கத்திலிருந்து பிள்ளையை வெளியே கொண்டுவருவது எப்படி?

கூல் லிப் என்பது உதட்டுக்குள் வைக்கும் புகையிலைப் பொட்டலம். அதற்குப் புகை கிடையாது, தீப்பெட்டி வேண்டாம், வெற்றிலைச் சிவப்பு போலப் பல்லில் ஒட்டாது. உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே செருகிக்கொண்டால், வாத்தியார் எதிரே நின்று பதில்கூடச் சொல்லிவிடலாம். பள்ளிப் பிள்ளைகளிடம் இது இவ்வளவு சுலபமாகப் புகுந்ததற்குக் காரணம் அதுதான். சென்னையில் வியாசர்பாடியோ வேளச்சேரியோ, மாநகராட்சிப் பள்ளியோ லட்சக்கணக்கில் கட்டணம் வாங்கும் பள்ளியோ, ‘எங்கள் பக்கம் இல்லை’ என்று நிம்மதியாக இருக்க முடியாது. பெண் பிள்ளைகளும் வைக்கிறார்கள். அவர்கள் விஷயத்தில் வீட்டுக்குத் தெரிய இன்னும் தாமதமாகும்.

தெரிந்ததும் பெரும்பாலான வீடுகளில் நடப்பது அடி, அழுகை, கடைசியில் கற்பூரம் அணைத்துச் சத்தியம். மூன்றாம் நாள் பிள்ளை மறுபடி வைப்பான். இந்த முறை வீட்டுக்குத் தெரியாமல் வைக்கக் கற்றிருப்பான், சத்தியத்தை மீறிய குற்ற உணர்வும் சேர்ந்திருக்கும். புகையிலையில் இருந்து அடிமையாக்கும் நிகோட்டினை நிறுத்திய இரண்டாம், மூன்றாம் நாளில்தான் உடம்பு அதை மூர்க்கமாகக் கேட்கும். அந்த நாட்களுக்கு அவனை யாரும் தயார் செய்திருக்க மாட்டார்கள். கீழே உள்ளதெல்லாம் அந்தத் தயாரிப்புதான். மிரட்டலுக்கு இதில் இடமில்லை, ஏனென்றால் மிரட்டினால் பழக்கம் ஒளிந்துகொள்ளுமே தவிர நிற்காது.

பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது

சின்னப் பாக்கெட்டைப் பிரித்தால் உள்ளே டீ பேக் போலக் குட்டிக் குட்டி நார்ப்பொட்டலங்கள் இருக்கும். அவற்றில் பொடித்த புகையிலையும், மெந்தாலும், சுண்ணாம்பு போலக் காரத்தன்மை தரும் பொருளும் கலந்திருக்கும். காரத்தன்மை இருந்தால் உதட்டின் உட்தோல் நிகோட்டினைச் சீக்கிரம் உறிஞ்சும். மெந்தால் எரிச்சலை மறைக்கும். முதல் தடவை வைக்கும் பிள்ளைக்குத் தலை சுற்றும், விக்கல் எடுக்கும், வாந்தியும் வரலாம். சில நாளில் அது அடங்கிவிடும். உடம்பு பழகிவிட்டது என்பதற்கு அதுவே முதல் அடையாளம்.

ரத்தத்தில் ஏறிய நிகோட்டின் பாதியாகக் குறைய ஏறக்குறைய 2 மணி நேரம் ஆகும். பள்ளியில் இடைவேளை மணியும் கிட்டத்தட்ட அதே கணக்கில்தான் அடிக்கிறது. காலை இடைவேளை, சாப்பாட்டு இடைவேளை, பள்ளி விட்ட பிறகு பஸ் ஸ்டாப், மாலையில் டியூஷனுக்கு முன் என்று பழக்கம் தானாகவே ஒரு நேர அட்டவணை போட்டுக்கொள்ளும். நிறுத்தும்போது இந்த அட்டவணையைத்தான் உடைக்க வேண்டியிருக்கும்.

வடசென்னைப் பக்கம் புழங்கும் மாவா வேறு ரகம். பாக்குச் சீவல், புகையிலை, சுண்ணாம்பு மூன்றையும் சேர்த்துத் தேய்த்துப் பொட்டலம் கட்டுவார்கள். இதில் பாக்கு இருப்பதால் வாயின் உட்தசை நார் போல இறுகி, வாய் திறப்பது குறைந்துகொண்டே போகும் நோய் வரும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மெல்லும் புகையிலையையும் பாக்கையும் மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உறுதியான முதல் பட்டியலில்தான் வைத்திருக்கிறது. ‘வெறும் பாக்குதானே’ என்று வீட்டில் சொல்வதை இதை வைத்து நிறுத்திக்கொள்ளலாம்.

சந்தேகம் வந்தால் எதைப் பார்ப்பது

துவைக்கப் போடும் பேன்ட் பாக்கெட்டில் கிழிந்த பாக்கெட் மூலைகள். ஜன்னல் கம்பிக்கு வெளியே, பாத்ரூம் வெண்டிலேட்டரில், மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வீசிய, காய்ந்த நார்ப்பொட்டலங்கள். சாப்பிட்டுக் கை கழுவியதும் ஐந்து நிமிடம் காணாமல் போவது. எப்போதும் புதினா வாசனை. பேசும்போது கீழுதட்டைப் பல்லோடு ஒட்டியே வைத்துக்கொள்வது. விரும்பிச் சாப்பிட்ட காரக்குழம்பைத் திடீரென்று வேண்டாம் என்பது. தாத்தா பாட்டி ஊரில் இரண்டு நாள் தங்கினால் காரணமில்லாமல் எரிந்து விழுவது. இந்தக் கடைசி அடையாளம் கவனிக்கத் தக்கது. ஊரில் பொட்டலம் கிடைக்காமல் உடம்பு தவிப்பது அப்படித்தான் வெளியே தெரியும்.

ஒரே ஒரு அடையாளத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். புதினா வாசனை சூயிங்கமாக இருக்கலாம். எரிச்சலுக்குப் பரீட்சையோ, பள்ளியில் யாரோ சீண்டுவதோ காரணமாக இருக்கலாம். மூன்று நான்கு அடையாளங்கள் ஒன்றாகச் சேர்ந்தால்தான் பேச வேண்டிய நேரம்.

வேறு பொருள்களின் அடையாளம் தெரிந்தால் இந்த வழிகாட்டி போதாது. ஊசி, பெயர் தெரியாத மாத்திரை அட்டை, சிவந்த கண்களோடு உளறல், பகலில் எழுப்ப முடியாத தூக்கம் ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

வாய்க்குள் பார்ப்பது

பிடித்து இழுத்து வாயைத் திறக்க வைப்பது கூடாது. அது ஒரு முறை நடந்தால் அதற்குப் பிறகு எதையும் காட்ட மாட்டான். பேசி முடித்த பிறகு, அவன் சம்மதத்தோடு, பகல் வெளிச்சத்திலோ போன் டார்ச் வெளிச்சத்திலோ பாருங்கள். அவனே கண்ணாடி முன் நின்று தன் கீழுதட்டை இரண்டு விரலால் வெளிப்பக்கம் மடித்துப் பார்ப்பது இன்னும் நல்லது.

பொட்டலம் வைக்கும் இடத்தில் உட்தோல் வெளுத்து, சாம்பல் கலந்த வெள்ளையாக, தண்ணீரில் ஊறிய விரல் நுனி மாதிரி சுருக்கம் விழுந்திருக்கும். அதற்கு நேர் எதிரே இருக்கும் பல்லில் ஈறு கீழே இறங்கி, பல்லின் வேர்ப்பகுதி மஞ்சளாகத் தெரியும். வெளுத்த தோல், பழக்கத்தை நிறுத்தினால் பெரும்பாலும் சில வாரங்களில் பழைய நிறத்துக்கு வந்துவிடும். இறங்கிய ஈறு தானாக மேலே ஏறாது.

அடுத்தது வாய் திறப்பு. அவனுடைய ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் சேர்த்து, செங்குத்தாக மேல் முன்பல்லுக்கும் கீழ் முன்பல்லுக்கும் இடையே நுழைக்கச் சொல்லுங்கள். மூன்றும் நுழைந்தால் சரி. இரண்டுக்கு மேல் போகவில்லை என்றாலோ, கன்னத்தின் உள்ளே கயிறு போலத் தட்டுப்பட்டாலோ, சாதாரணக் காரத்துக்கே வாய் எரிந்தாலோ தாமதிக்காமல் பல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். மாவா, பாக்கு போடும் பிள்ளைகளிடம் இது அதிகம் தெரியும். இறுகிய தசையைப் பழையபடி முழுதாக இளக்க முடியாது. எவ்வளவு சீக்கிரம் நிறுத்துகிறோமோ அவ்வளவு வாய் மிஞ்சும்.

இரண்டு வாரமாக ஆறாத புண், சிவந்த திட்டு, வலியில்லாத கெட்டி முடிச்சு ஆகியவற்றையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். கோட்டை ரயில் நிலையத்துக்கு அருகே இருக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் காலையில் வெளிநோயாளிச் சீட்டு வாங்கிப் போகலாம். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் புகையிலைப் பழக்கத்தை விடுவிப்பதில் நீண்ட கால அனுபவம் உள்ள இடம். ‘அங்கே போனால் புற்றுநோய் என்று ஊர் பேசும்’ என்று தயங்க வேண்டாம்.

முதல் பேச்சு

பொட்டலம் கைக்குச் சிக்கிய நிமிடத்தில் பேசாதீர்கள். அன்று ராத்திரி வரை, முடிந்தால் மறுநாள் வரை பொறுங்கள். அப்பா, அம்மா இருவரில் யாரிடம் பிள்ளை கொஞ்சம் மனம் விட்டுப் பேசுவானோ அவர் மட்டும் பேசட்டும். சித்தப்பா, மாமா, பக்கத்து வீட்டுக்காரர் யாரும் அந்த இடத்தில் இருக்கக் கூடாது. நேருக்கு நேர் உட்கார வைத்து விசாரிப்பதைவிடப் பக்கத்தில் நடந்துகொண்டே பேசுவது எளிது. மொட்டை மாடி போதும், பீச் மணலும் சரிதான்.

தொடங்கும் வாக்கியம் முக்கியம். “நீ வைக்கிறியா இல்லையா?” என்று கேட்டால் “இல்லை” என்ற பதில்தான் வரும், பிறகு அந்தப் பொய்யைக் காப்பாற்றவே அவன் பாடுபடுவான். “உன் பேன்ட்ல பாக்கெட் பார்த்தேன். திட்டறதுக்குக் கூப்பிடல. எப்போ ஆரம்பிச்சது, இப்போ எவ்ளோ ஆகுதுன்னு மட்டும் எனக்குத் தெரியணும்” என்று தெரிந்த விஷயத்திலிருந்து தொடங்குங்கள். அதன் பிறகு பதில் வரும் வரை வாய் திறக்காதீர்கள். அந்த மௌனம் ஒரு நிமிடம் நீண்டாலும் பரவாயில்லை.

தெரிந்துகொள்ள வேண்டியவை ஐந்து. ஒரு நாளைக்கு எத்தனை? காலையில் எழுந்து எவ்வளவு நேரத்தில் முதலாவது? தூங்கும்போதும் வாயில் இருக்கிறதா? யாரிடமிருந்து கிடைக்கிறது? வேறு எதையாவது தொட்டுப் பார்த்தானா? இரண்டாவது கேள்விதான் எல்லாவற்றிலும் கனமானது. எழுந்த அரை மணி நேரத்துக்குள் ஒன்று வேண்டியிருந்தால் பிடிப்பு பலமாக இருக்கிறது என்று பொருள், அவனுக்கு மருத்துவ உதவி தேவைப்படலாம். நான்காவது கேள்விக்கு நண்பன் பெயரைச் சொல்ல மறுத்தால் விட்டுவிடுங்கள். கடை எது என்பது போதும்.

வீட்டிலேயே யாராவது புகையிலை போடுகிறார்களா என்று அவன் திருப்பிக் கேட்டால் கோபப்படக் கூடாது. அப்பாவின் ஹான்ஸ் டப்பாவும், பாட்டியின் வெற்றிலைச் செல்லத்தில் இருக்கும் புகையிலைக் காம்பும் கண்ணெதிரே இருக்கும்போது பிள்ளை மட்டும் விடுவது கடினம். கூடவே அப்பாவும் நிறுத்தினால் அதைவிடப் பெரிய உதவி இல்லை. முடியாது என்றால் அந்தப் பொருள் வீட்டுக்குள் வராமலாவது இருக்கட்டும்.

நிறுத்தும் நாள்

பேசிய நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் ஒரு தேதியை அவனே குறிக்கட்டும். பரீட்சை வாரம் வேண்டாம். சனி ஞாயிறைக் கணக்கில் வைத்து வெள்ளி ராத்திரி நிறுத்தத் தோன்றும். அப்படிச் செய்தால் மூன்றாம் நாள் திங்கட்கிழமை வகுப்பறையில் வந்து நிற்கும். வியாழன் ராத்திரி கடைசியாக வைத்துவிட்டு, வெள்ளி ஒரு நாள் லீவு போடுவது நல்லது. கடினமான மூன்று நாளும் வீட்டிலேயே கழிந்துவிடும். காலாண்டு விடுமுறை, பொங்கல் விடுமுறை கிடைத்தால் இன்னும் வசதி.

ஒரு நாளைக்கு மூன்று அல்லது அதற்குக் கீழே என்றால் ஒரேயடியாக நிறுத்துவதே சுலபம். அதற்கு மேல் என்றால் பத்து நாளில் படிப்படியாகக் குறைத்துவிட்டு நிறுத்தலாம். ஆறு வைப்பவன் முதல் நான்கு நாள் நான்காகவும், அடுத்த நான்கு நாள் இரண்டாகவும் குறைத்து, ஒன்பதாம் நாள் ஒன்றும் இல்லாமல் இருக்கட்டும். முதலில் விட வேண்டியது, நண்பர்கள் நீட்டினார்கள் என்பதற்காகவே வைப்பதை. சாப்பாட்டுக்குப் பின் வைப்பதும் காலையில் வைப்பதும் கடைசியில் போகும். வாயில் அரை மணி நேரம் வைத்திருப்பதைப் பத்து நிமிடமாக்குவதும் குறைப்புதான். பத்து நாளைத் தாண்டி இழுத்தால் குறைப்பதே சாக்காகிவிடும். குறைக்கும் நாட்களில் நீங்கள் வாங்கிக் கொடுக்கவோ, எண்ணிக் கையில் தரவோ கூடாது. பிள்ளைக்குப் புகையிலை கொடுப்பது யார் கொடுத்தாலும் சட்டப்படி குற்றம். எட்டுக்கு மேல் வைப்பவனும், எழுந்ததும் வைப்பவனும், தூங்கும்போது வைப்பவனும் மருத்துவரைப் பார்த்துவிட்டுத் தேதி குறிக்கட்டும்.

நிறுத்துவதற்கு முந்தைய ராத்திரி செய்ய வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. பை, பேன்ட், ஷூ, பென்சில் பாக்ஸ், மேஜை இழுப்பறை எல்லாவற்றையும் அவனே துழாவி, மிச்சம் இருப்பதை எடுக்கட்டும். அதைக் குப்பைக் கூடையில் சும்மா போடாதீர்கள். தண்ணீரில் நனைத்து, கவரில் கட்டி, வெளித் தொட்டியில் போடுங்கள். வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் இது உயிர் விஷயம். ஒரு பொட்டலத்தை விழுங்கினாலும் சின்னக் குழந்தைக்கு நிகோட்டின் நஞ்சாகும். வாந்தி, எச்சில் ஒழுகல், வெளிறல், வியர்வை, வலிப்பு வரலாம். அப்படி நடந்தால் வாயில் மிச்சம் இருப்பதை மட்டும் விரலால் எடுத்துவிட்டு 108-ஐ அழையுங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பாக்கெட்டைக் கையோடு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

வாய்க்கு மாற்று வேண்டும். ஏலக்காய், சோம்பு, உப்பில் ஊறிய நெல்லிக்காய், சர்க்கரை இல்லாத சூயிங்கம், நறுக்கிய கேரட், கொய்யா என்று எது பிடிக்குமோ அதைச் சின்ன டப்பாவில் போட்டுப் பாக்கெட்டில் வைத்துக்கொள்ளட்டும். ரோஜாப் பாக்கு, இனிப்புச் சீவல், பான் மசாலா எதுவும் வேண்டாம். ஒரு புற்றுநோய்ப் பொருளை விட்டு இன்னொன்றுக்குத் தாவுவதுதான் அது. ஆன்லைனில் வரும் நிகோட்டின் பொட்டலங்களும் வேப் எனும் மின் சிகரெட்டும் அதே வலைதான். வேப் 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாடு முழுக்கத் தடை செய்யப்பட்டது.

நிறுத்திய சில மணி நேரத்தில் அறிகுறிகள் தொடங்கும். எரிச்சல், தலைவலி, கை ஓயாமல் எதையாவது தேடுவது, தூக்கம் கலைவது, அளவுக்கு மீறிய பசி, மலச்சிக்கல், படிப்பில் மனம் நிற்காதது என்று வரிசையாக வரும். இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சம், பிறகு இறக்கம், இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் பெரும்பாலும் ஓய்ந்துவிடும். இதை அவனிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். “ஞாயித்துக்கிழமை உனக்கு யாரைப் பார்த்தாலும் கோவம் வரும், அது நீ இல்ல, உள்ள இருக்கற நிகோட்டின் போகுது” என்று சொன்னால் அந்த நாளில் அவனுக்கும் உங்களுக்கும் ஒரு பிடிமானம் இருக்கும். கதவை அறைந்து சாத்தினால் அந்த வாரம் மட்டும் விட்டுக்கொடுங்கள்.

இந்தத் தவிப்பு நாள் முழுக்க ஒரே சீராக இருக்காது. ஒவ்வொன்றும் எழும்பி, மூன்றிலிருந்து ஐந்து நிமிடம் நின்று, வைத்தாலும் வைக்காவிட்டாலும் தணியும். அந்த ஐந்து நிமிடத்தைக் கடப்பதற்கு ஒரு வரிசை சொல்லிக்கொடுங்கள். போனில் ஐந்து நிமிட டைமர். ஒரு டம்ளர் தண்ணீரை வாயில் வைத்து வைத்துக் குடிப்பது. மூக்கால் மெதுவாக இழுத்து வாயால் விடும் பத்து மூச்சு. இருக்கிற இடத்தை விட்டு எழுந்து மாடிப்படி ஏறி இறங்குவது. டைமர் அடிக்கும்போது தவிப்பு பாதிக்குக் கீழே வந்திருக்கும். முதல் நாளிலேயே இதை ஒரு தடவை கண்கூடாகப் பார்த்துவிட்டால், அடுத்ததை அவனே சமாளிப்பான்.

பிறகு அட்டவணையை உடைப்பது. சாப்பாட்டுக்குப் பின் வைப்பவன் சாப்பிட்டதும் பல் தேய்த்துவிடட்டும். புதிதாகத் தேய்த்த வாயில் எதையும் வைக்கத் தோன்றாது. பஸ் ஸ்டாப்பில் வைப்பவன் இரண்டு வாரத்துக்கு வேறு ஸ்டாப்பில் ஏறட்டும், அல்லது யாராவது கூட்டிப்போய் விடட்டும். டியூஷனுக்கு முன்னால் இருக்கும் அரை மணி நேர வெற்றிடத்தை எதையாவது வைத்து நிரப்புங்கள். கைச்செலவுக் காசை அடியோடு நிறுத்தினால் கடனும் திருட்டும் தொடங்கும். காசைக் குறைத்து, தின்பண்டத்தை வீட்டிலிருந்தே கட்டிக்கொடுங்கள். மாலைக்கு மேல் காபி, டீ வேண்டாம், ஏற்கனவே தூக்கம் கெட்டிருக்கும். மலச்சிக்கலுக்கு மோர், கீரை, கொய்யா.

நண்பன் நீட்டும்போது ‘வேண்டாம், கெடுதல்’ என்று சொல்லும் தைரியம் பதினைந்து வயதில் எல்லோருக்கும் வராது. மானம் போகாமல் மறுக்க ஒரு காரணம் கொடுங்கள்: “டாக்டர் பார்த்தாருடா, உள்ள தோல் உரிஞ்சிருக்காம், வெச்சா செமயா எரியுது.” இதைச் சத்தமாக இரண்டு தடவை வீட்டிலேயே சொல்லிப் பார்க்க வையுங்கள். வாயில் வராத வாக்கியம் தேவைப்படும் நேரத்தில் வராது.

நிகோட்டின் சூயிங்கம் பற்றி

மருந்துக் கடையில் 2 மில்லிகிராம் நிகோட்டின் சூயிங்கம் இருக்கிறது. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதை நீங்களாக வாங்கித் தராதீர்கள். மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டும், அவர் சொன்ன எண்ணிக்கையில் கொடுங்கள். சாதாரணச் சூயிங்கம் போல மென்றால் நிகோட்டின் வயிற்றுக்குப் போய் விக்கலும் குமட்டலும்தான் வரும். மெதுவாகச் சில தடவை மென்று, நாக்கு லேசாகச் சுருக்கென்றதும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைக்க வேண்டும். சுருக்கு குறைந்ததும் மறுபடி மெல்ல வேண்டும். இப்படி அரை மணி நேரம். வைப்பதற்கு 15 நிமிடம் முன்பிருந்து காபி, ஜூஸ், குளிர்பானம் கூடாது, புளிப்பு வாயில் நிகோட்டின் சரியாக ஏறாது. ஒரே நேரத்தில் கூல் லிப்பும் இதுவும் வாயில் இருந்தால் படபடப்பு, வியர்வை, வாந்தி வரும்.

ஆலோசனைக்குத் தேசியப் புகையிலை விடுப்பு உதவி எண் 1800-11-2356. பிள்ளையே பேசலாம். ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவிலும், கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையிலும் போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை உண்டு. நிறுத்திய பிறகு வரும் சோர்வு இரண்டு வாரத்தைத் தாண்டினாலோ, ‘நான் எதுக்கு இருக்கணும்’ என்ற பேச்சு எந்த நாளில் வந்தாலும், 14416 என்ற மனநல உதவி எண்ணை அன்றே அழையுங்கள். தமிழக அரசின் 104-ம் இருக்கிறது.

சறுக்கினால்

முதல் இரண்டு வாரத்தில் ஒரு பொட்டலம் மறுபடி வாய்க்குப் போவது சகஜம். அன்று கேட்க வேண்டியது எங்கே, எந்த நேரம், யார் கொடுத்தது, அதற்கு முன் என்ன நடந்தது என்பதுதான். பதிலை ஒரு நோட்டில் எழுதுங்கள். இரண்டு மூன்று சறுக்கலை எழுதியதும் ஒரே இடமோ ஒரே ஆளோ திரும்பத் திரும்ப வருவது தெரியும். அதை மட்டும் மாற்றினால் போதும், தேதியை மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டியதில்லை. இதுவரை வைக்காத நாட்கள் அவன் கணக்கில் அப்படியே இருக்கட்டும்.

தினமும் வாயைத் திறந்து காட்டச் சொல்வது, பையைத் திருட்டுத்தனமாகச் சோதிப்பது இரண்டும் வேண்டாம். வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், அவனோடு உட்கார்ந்து நோட்டைப் பாருங்கள். நிகோட்டின் உடம்புக்குள் மாறி உண்டாகும் கோட்டினின் என்ற பொருளைச் சிறுநீரில் தேடும் பரிசோதனை தனியார் ஆய்வகங்களில் உண்டு, மூன்று நான்கு நாள் வரை காட்டிக்கொடுக்கும். ஏமாற்றிச் சோதிக்க அதைப் பயன்படுத்தாதீர்கள். மருத்துவர் தந்த நிகோட்டின் சூயிங்கம் போட்டிருந்தாலும் அது இருக்கிறது என்றே காட்டும்.

நிறுத்தி ஆறு வாரம் ஆனதும் உதட்டை மறுபடி மடித்துப் பாருங்கள். வெள்ளைத் திட்டு இன்னும் அப்படியே இருந்தால் பல் மருத்துவரிடம் காட்டுவதைத் தள்ளிப்போடக் கூடாது. தேவைப்பட்டால் சிறு துணுக்கு எடுத்துச் சோதிப்பார்கள்.

பள்ளியில் சொல்வது

டி.சி. கொடுத்துவிடுவார்களோ என்ற பயத்தில்தான் பல பெற்றோர் வாய் திறப்பதில்லை. கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 16-ஆம் பிரிவு, எட்டாம் வகுப்பு முடியும் வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு நீக்கக் கூடாது என்கிறது. 17-ஆம் பிரிவு அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் தடை செய்கிறது. ஒன்பதுக்கு மேல் உள்ள பிள்ளைக்கு மருத்துவர் கடிதம்தான் கவசம். ‘சிகிச்சையில் இருக்கிறார்’ என்ற ஒரு வரியை வாங்கிக்கொண்டு வகுப்பாசிரியரை முதலில் பாருங்கள், பிறகு தலைமையாசிரியரை. கேட்க வேண்டியது இரண்டே: இரண்டு வாரம் தண்ணீர் குடிக்கவும் அவ்வப்போது வெளியே போய் வரவும் அனுமதி, மற்றப் பிள்ளைகள் முன்னால் இதைப் பேசாமல் இருப்பது. பள்ளி ஒத்துழைக்காமல் அவமானப்படுத்தினால் பள்ளிக் கல்வித் துறையின் 14417-ல் புகார் சொல்லலாம்.

விற்கும் கடை

இதை விற்பது எந்த விதத்திலும் சட்டத்துக்கு உட்பட்டது அல்ல. குட்காவுக்கும் நிகோட்டின் கலந்த மெல்லும் புகையிலைக்கும் தமிழ்நாட்டில் 2013-லிருந்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தடை. 2003-ஆம் ஆண்டுப் புகையிலைச் சட்டம், 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு விற்பதையும், கல்வி நிறுவனத்திலிருந்து 100 கெஜத்துக்குள் விற்பதையும் தடுக்கிறது. 100 கெஜம் என்றால் சுமார் 91 மீட்டர், பள்ளியின் வெளிச்சுவரிலிருந்து எல்லாப் பக்கமும் அளக்க வேண்டும். வாசலிலிருந்து மட்டும் அளப்பதில்லை. எல்லாவற்றையும்விடக் கடுமையானது இளஞ்சிறார் நீதிச் சட்டம் 2015-இன் 77-ஆம் பிரிவு. மருத்துவர் உத்தரவு இல்லாமல் பிள்ளைக்குப் புகையிலை கொடுத்தால் 7 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

கடைக்காரரிடம் நேரில் போய்ச் சண்டை போடாதீர்கள். சரக்கு இடம் மாறிவிடும், உங்கள் பிள்ளை யார் என்றும் தெரிந்துவிடும். கடையின் பெயர் அல்லது பக்கத்தில் இருக்கும் அடையாளம், தெருவின் பெயர், பள்ளியிலிருந்து தூரம், எந்த நேரத்தில் விற்கிறார்கள், பொருளின் பெயர், எங்கே ஒளித்து வைக்கிறார்கள் என்பதை எழுதிக்கொள்ளுங்கள். போட்டோ எடுத்தால் எந்தப் பிள்ளையின் முகமும் விழக் கூடாது. இதை உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322-க்கு அனுப்புங்கள். போதைப்பொருள் புகாருக்கான கட்டணமில்லா எண் 10581. உங்கள் பிள்ளையைப் பற்றி அதில் ஒரு வார்த்தைகூடச் சொல்ல வேண்டியதில்லை.

விற்பவனும் ஒரு மாணவனாக இருந்தால் வழி வேறு. அவன் பின்னால் ஒரு பெரியவர் சரக்கு கொடுத்துக்கொண்டிருப்பார். பிள்ளை கையில் புகையிலையைக் கொடுத்தது மேலே சொன்ன 77-ஆம் பிரிவில் வரும் குற்றம், அந்தப் பெரியவர் மேல். அதற்கு அழைக்க வேண்டியது 1098, குழந்தைகள் உதவி எண். மாணவனைப் போலீஸிடம் பிடித்துக் கொடுத்தால் சரக்கு கொடுத்தவர் தப்பிவிடுவார், அடுத்த வாரம் வேறொரு பிள்ளை கையில் பாக்கெட் இருக்கும்.

புகார் கொடுத்த ஒரு வாரம் கழித்துப் பள்ளி விடும் நேரத்தில் அந்தப் பக்கம் நடந்து பாருங்கள். விற்பனை தொடர்ந்தால் பழைய புகாரின் தேதியைக் குறிப்பிட்டு மறுபடி அனுப்புங்கள். அதே வகுப்புப் பெற்றோர் நான்கைந்து பேர் தனித்தனியாக அனுப்பினால் இன்னும் சீக்கிரம் ஆள் வருவார்கள்.